குறிப்பாணைக்கு விளக்கம்

பொருள்: ஐந்நூறு மில்லி 2-மெத்தில்ஃபீனால்
இருப்பில் குறைவு.
பார்வை: தங்கள் குறிப்பாணை.
நேற்று மாலை ஐந்தேகாலுக்கு
ஸ்டோர் ரூமைப் பூட்டிக்கொண்டிருந்தபோது கைக்கு வந்தது.

ஐயா,
குறையவில்லை.
மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு, பழுப்புக் கண்ணாடிப் புட்டி.
மூடியைத் திறக்காமலே மணக்கும்,
அப்போதுதான் கழுவிவிட்ட ஆஸ்பத்திரி வராந்தாபோல.
அதன்மேல் ஒட்டியிருக்கும் பெயர் ஆர்த்தோ கிரெசால்.
தணிக்கைக்கு வந்த அம்மையார் அதை
‘கணக்கில் வராத கூடுதல் புட்டி ஒன்று’ என்று
எட்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார்.
பன்னிரண்டாம் பக்கத்தில் தொலைந்தது
எட்டாம் பக்கத்தில் மிஞ்சியிருக்கிறது.
இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்து
ஒருமுறை வெளிச்சத்தில் பார்க்க வேண்டுகிறேன்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் குடியிருக்கிறேன்.
கதவில் பழைய எண் பதினாலு,
புதிய எண் முப்பத்தேழு.
தபால்காரர் நவநீதன் இதுவரை
ஒரு வீட்டைக் காணோம் என்று புகார் கொடுத்ததில்லை.

பென்சீன், ஆறு வாசல் உள்ள ஒரு வட்டத் தெரு.
(நம் ஐந்து ரோட்டில் ஒரு ரோடு கூடப் போட்டுக்கொள்ளுங்கள்,
ஹாரன் சத்தம் இல்லாமல்.)
வாசல்கள் காலியாக இருக்கும்வரை
எது முதல் என்ற பேச்சே இல்லை.
ஒருவர் குடிவந்தாலும் எண் வேண்டாம்.
இரண்டாமவர் சாமான் இறக்கும்போதுதான்
கேள்வி வருகிறது.
அடுத்த வீடு, ஆர்த்தோ.
ஒரு வீடு தள்ளி, மெட்டா.
நேர் எதிர்வீடு, பாரா.
முன்பு இப்படி வழி சொன்னார்கள்.
அப்புறம் எண் போட்டார்கள்:
ஹைட்ராக்சில் இருக்கும் வாசல் ஒன்று.
அங்கிருந்து ஒரு பக்கம் சுற்றினால் மெத்தில் இரண்டில்,
மறுபக்கம் சுற்றினால் ஆறில்.
சின்ன எண் வரும் பக்கமே சுற்ற வேண்டும்.
கோயில் மாதிரி வலமாகத்தான் என்ற பிடிவாதம்
வேதியியலில் கிடையாது.

மெத்தில் தனியாக இருந்தபோது
தெருவே அதன் பெயரில் இருந்தது, டொலுயீன் என்று.
ஹைட்ராக்சில் வந்ததும் ஃபீனால் என்று பலகை மாறிற்று.
மெத்தில் காலி செய்துகொண்டு போகவில்லை.
ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கிறது,
என் பெயருக்கு முன் நிற்கும் மு. போல.
மு. என்பது முருகாயி, என் அம்மா.
பத்து வருடமாக இங்கே
கணவர் பெயரா, அப்பா பெயரா என்றுதான் கேட்கிறார்கள்.

அது இருக்கட்டும்.
ஜனவரி இருப்பெடுப்பில் ‘திண்மம்’ என்றும்
மே மாதத்தில் ‘திரவம்’ என்றும் இருப்பதை
முறைகேட்டின் அடையாளம் என்று காட்டியிருக்கிறார்கள்.
அது முப்பத்தொரு டிகிரியில் உருகும், ஐயா.
சேர்வராயன் மலை பனியை ஊருக்குள் இறக்கிவிடும்
தை மாதக் காலையில் கவிழ்த்தாலும் அசையாது.
சித்திரை வந்தால்
யாரும் தொடாமலே இளகிவிடும்.
சேலத்தில் எட்டு வருடம் இருந்தும்
அந்த அம்மையாருக்கு இது தெரியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்.
போன ஜூலையில் புதுப் பதிவேடு போட்டபோது
புதுப் பெயரை எழுதினேன். புட்டியின் சீட்டை மாற்றவில்லை.
பசை தீர்ந்துவிட்டது என்பது பாதிக் காரணம்.
ஆர்த்தோ என்று சொல்ல
வாய்க்கு நன்றாக இருக்கிறது என்பது மீதி.

ரூபாய் ஆயிரத்து முந்நூற்று நாற்பதைச்
சம்பளத்தில் பிடிப்பதானால் பிடியுங்கள்.
எட்டாம் பக்கத்து உபரிப் புட்டியை மட்டும்
என்னிடம் கொடுத்துவிடுங்கள்.
பணம் கட்டி வாங்கியதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மு. பாப்பாத்தி, ஸ்டோர் கீப்பர்.
(சம்பளப் பட்டியலில் எம். பத்மாவதி.
ஆள் குறையவில்லை.)